ஓட்டு விளிம்பில் 57 ஸ்க்ரூ

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தபோது, வீட்டு முன்பக்கத்துக் கூரை விளிம்பிலிருந்த மழைநீர்ப் பாத்தி மூன்று துண்டாகப் பலாமரத்தடியில் கிடந்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வராத புயல் அது. அந்த இழப்புக்கு முன்னால் ஒரு பாத்தி விழுந்ததைப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கரண்டு வருவதற்கே நாள் கணக்கில் ஆயிற்று. ஒரு வாரம் கழித்துத்தான் அந்தத் துண்டுகளை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன்.

அப்போதுதான் கவனித்தேன். மூட்டுகளில் பிரிந்ததைத் தவிர, பாத்தி எங்கும் கிழிந்திருக்கவில்லை. அதைத் தாங்கிய கிளாம்புகளும் வளையவில்லை. ஒவ்வொரு கிளாம்பிலும் இரண்டிரண்டு ஆணி அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது, அதுவும் அடித்த அன்று இருந்த மாதிரி நேராக. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலையிலிருந்து அரை அங்குலம் வரைக்கும் துரு. அதற்குக் கீழே, மரத்துக்குள் இருந்த பாகம் வழவழவென்று இருந்தது. ஏணி போட்டு ஏறி, அந்த ஆணி இருந்த துளையில் இன்னொரு ஆணியை விட்டுப் பார்த்தேன். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை, விரலால் அழுத்தினாலே உள்ளே போனது.

புயல் பாத்தியை உடைக்கவில்லை, உருவி எடுத்திருக்கிறது. அதற்கு முன்பே ஆணி பிடிப்பை விட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிந்தபிறகு, அடுத்த ஐந்து வருடத்தில் அதே பாத்தியை இரண்டு தடவை மாட்டினேன். இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாத்தி என்றதும் கத்தரிச்செடிக்கு வெட்டும் பாத்தி என்று வேறு ஊர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய்க்குக் கொண்டுபோகும் அரைவட்டத் தொட்டியை மலையாளத்தில் பாத்தி என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் எங்களுடையது, அதனால் எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. கடையில் கேட்டால் ரெயின் கட்டர் என்பார்கள். குளச்சல் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு. அப்பா கட்டிய ஓட்டு வீடு. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி நாள் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். பாத்தி இல்லாத நாளில் அந்தத் தண்ணீர் திண்ணையோரம் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, சுவரில் மண் தெறித்து, அடித்தளம் வரைக்கும் ஈரம் ஏறியிருந்தது. அதனால்தான் 2014இல் பாத்தி மாட்டினோம். அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கும் விட்டோம்.

எடையை முதலில் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். 6 அங்குல அகலமுள்ள அரைவட்டப் பாத்தி விளிம்பு வரை நிரம்பினால் மீட்டருக்கு ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணீர் நிற்கும். எங்கள் பாத்தி 36 அடி, அதாவது 11 மீட்டர். நிரம்பி நின்றால் கிட்டத்தட்ட நூறு கிலோ. பலா இலையும் தென்னம்பூவும் நனைந்து அடைத்துக்கொண்டால் நிரம்பத்தான் செய்யும்.

2014இல் மாட்டியபோது 3 அடிக்கு ஒரு கிளாம்பு வைத்திருந்தார்கள். அப்படியானால் ஒரு கிளாம்புக்கு 8 கிலோ. 8 கிலோவை இரண்டு ஆணி தாங்காதா என்று கேட்கலாம். நேராகக் கீழே தொங்கினால் தாங்கும். ஆனால் பாத்தியின் எடை, கிளாம்பை அடித்திருக்கும் ஓட்டு விளிம்பின் முகப்புப் பலகையிலிருந்து 4 அங்குலம் வெளியே நிற்கிறது. கிளாம்பிலுள்ள இரண்டு ஆணிக்கும் நடுவே இடைவெளி ஒன்றரை அங்குலம்தான். கதவின் கனம் மேல் கீலைப் பிய்க்கிற மாதிரி, அந்த 8 கிலோ மேல் ஆணியை 20 கிலோவுக்கு மேலான விசையோடு வெளியே இழுக்கிறது. கீழ் ஆணி பலகையோடு அழுந்திக்கொண்டு சும்மா இருக்கிறது. வேலையெல்லாம் மேல் ஆணிக்குத்தான், அதுவும் ஆணியால் செய்யவே முடியாத வேலை. வழவழப்பான கம்பி ஆணியை மரம் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மழையில் மரம் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் ஆணி மயிரிழை அளவு வெளியே வரும். மூன்று வருடம் அப்படி வந்துகொண்டே இருந்திருக்கிறது. புயல் வந்து மிச்சத்தை இழுத்துவிட்டது.

எங்கள் வீட்டு மர வேலை எல்லாம் செய்யும் பெரியவர், அப்பா காலத்து ஆசாரி, துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்களே, ஆணி மரத்தப் புடிக்காது. மரந்தான் ஆணியப் புடிக்கணும். இந்தப் பலகைக்கு இனி கை வலிக்குது, அதால புடிக்க முடியாது.”

அவர் சொன்னபோது பலகையை மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை. புயலுக்குப் பிறகு மரத்துக்கும் ஆளுக்கும் இருந்த தட்டுப்பாட்டில், வேறு ஒருவரைக் கூப்பிட்டு, அதே பலகையில் பழைய துளைகளுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டச் சொன்னேன். கிளாம்பை 2 அடிக்கு ஒன்றாக நெருக்கினோம். அது ஒன்று சரி. ஸ்க்ரூவுக்குப் புரி இருப்பதால் மரநாரைக் கடித்துக்கொண்டு நிற்கும், ஆணி மாதிரி நழுவாது. அதுவும் சரி. தவறியது எங்கே என்றால், மஞ்சளாகப் பளபளக்கும் சாதாரண ஸ்க்ரூவை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்ததில். அது பத்தாமல் போனபோது வந்தவர் தன் பையிலிருந்த கருப்பு ஸ்க்ரூவைச் சில இடங்களில் போட்டார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் வெள்ளைப் பாத்தியில் செம்பழுப்புக் கோடுகள் இறங்கின. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கீழே ஒரு கோடு. 2020இல் ஒருநாள் ஏணியில் ஏறி, ஒன்றைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினேன். தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. கிளாம்பைத் தள்ளிவிட்டுக் குறடால் தண்டைப் பிடித்து இழுத்தேன். மரத்துக்குள் இருந்த பாகம் நன்றாகவே இருந்தது, புரிகூட மழுங்கவில்லை. கிளாம்பும் மரமும் சேரும் அந்த ஒரு கோட்டில் மட்டும், எலி கடித்த பென்சில் மாதிரி மெலிந்து போயிருந்தது. 5 மில்லிமீட்டர் தண்டில் 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

காரணம் இதுதான். அந்த மஞ்சள் பூச்சு சில மைக்ரான் கனம்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது வீட்டுக்குள் அலமாரிக் கீலுக்குப் போதும். கடற்காற்றில் வரும் உப்பு கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மழை அதைக் கழுவாது, வெயில் அதைக் காயவிடாது. வெளியே தலையைப் பார்த்து ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். சாகிற இடம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சந்தில்.

கருப்பு ஸ்க்ரூ ஜிப்சம் போர்டுக்கு என்றே செய்தது. கடினமானது, ஆனால் வளைந்துகொடுக்காது. பாத்தி காற்றில் ஆடும்போது வளையாமல் பட்டென்று ஒடியும். அதன் கருப்புப் பூச்சு மழையில் துருவைத் தடுக்கவும் போதாது. வீட்டுக்கு வெளியே அதை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம் வந்ததே, அந்த வாரம் பாத்தியின் கிழக்கு முனை தொங்கிவிட்டது. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. தொங்கிய பாகத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அடுத்த கோடை வரை விசாரித்தேன்.

எனக்கு நல்ல விடை கிடைத்த இடம் ஹார்டுவேர் கடை இல்லை, கடற்கரை. ஃபைபர் வள்ளம் கட்டுகிற ஒரு நண்பர் இருக்கிறார். நான் கொண்டுபோன மெலிந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, ஒரு டப்பாவிலிருந்து போல்ட் ஒன்றை எடுத்து அதன் தலையைக் காட்டினார். A4-70 என்று பொறித்திருந்தது. “மக்கா, இந்த எழுத்தப் பாத்து வாங்கு. கடக்காரன் வாயப் பாத்து வாங்காத.”

அதன் பொருளை அவர் விளக்கினார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கடையில் தருவது ஒரே பொருள் இல்லை. 202 என்று ஒன்று உண்டு. விலை குறையட்டும் என்று நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியது. கடலோரத்தில் அது துருப்பிடிக்கும். 304 என்பது குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் வாக்கில் சேர்ந்தது. ஊருக்குள் நன்றாக உழைக்கும். கடல் பக்கத்தில் அதன்மேல் டீக்கறை மாதிரி பழுப்புப் படியும், சந்துகளில் புள்ளி புள்ளியாக அரிக்கவும் செய்யும். 316இல் இதோடு மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். உப்பைத் தாங்குவது அந்த மாலிப்டினம்தான். தலையில் A2 என்று பொறித்திருந்தால் 304 வகை, A4 என்றால் 316 வகை.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. வலுவாக ஒட்டினால் சாதாரண இரும்பு அல்லது 410 வகை ஸ்டெயின்லெஸ் என்று சொல்லலாம், அதற்கு மேல் காந்தத்தால் எதையும் சொல்ல முடியாது. சின்ன மர ஸ்க்ரூக்களின் தலையில் எழுத்து இருப்பது அபூர்வம். அதற்கு டப்பாவின் லேபிளைப் பாருங்கள், பில்லில் 316 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையிலிருந்து நான் இறங்கி வந்துவிட்டேன். நாகர்கோவிலில் மூன்றாவது கடையில் எழுதிக் கொடுத்தார்கள். 304க்கும் 316க்கும் இருந்த விலை வித்தியாசம், மொத்த ஸ்க்ரூவுக்கும் சேர்த்து, ஆசாரியின் ஒருநாள் கூலியைவிடக் குறைவு. ஏணி போட்டு ஆள் ஏறுகிற வேலையில் ஸ்க்ரூவில் மிச்சம் பிடிப்பது வீண் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது.

எல்லோருக்கும் 316 வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதுரை, கோவை மாதிரி கடலைப் பார்க்காத ஊர்களில் 304 தாராளமாகப் போதும். முக்கி எடுத்த ஜிஐ ஸ்க்ரூ, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது கிடைத்தால் அதுவும் நல்லது. அதன் பூச்சு ஐம்பது மைக்ரான் வாக்கில் இருக்கும். சாம்பல் நிறமாக, சொரசொரவென்று, பார்க்க அழகில்லாமல் இருக்கும். பளபளப்பாக வெள்ளியாய் மின்னுகிற ஜிஐ ஸ்க்ரூ பெரும்பாலும் மெல்லிய மின்பூச்சு போட்டதுதான்.

2022 ஏப்ரலில் வேலையைத் தொடங்கினோம். இந்தத் தடவை அந்தப் பெரிய ஆசாரியே வந்தார். பாத்தியை இறக்கியதும் அவர் முதலில் செய்த காரியம், முகப்புப் பலகை முழுவதையும் உளியின் முனையால் ஒரு சாணுக்கு ஒரு குத்து குத்திக்கொண்டே போனது. உறுதியான மரத்தில் உளி டக்கென்று நின்றது. உளுத்த இடத்தில் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. 36 அடியில் 14 அடி உளுத்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு அயினி மரப் பலகை போட்டோம். பாத்தி மாட்டப் போகிறவர்கள் ஸ்க்ரூ வாங்குவதற்கு முன்னால் இந்தக் குத்துப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். 316 வாங்கி உளுத்த மரத்தில் போட்டு என்ன பயன்?

அடுத்து அவர் சொன்னதுதான் இந்த வேலையிலேயே பெரிய மாற்றம். “பலகை ஒரு இஞ்சுதான். அதுல எவ்வளவு நல்ல ஸ்க்ரூ போட்டாலும் இழுவ வெளிய பாத்துதான். கழுக்கோல்ல கொண்டு மாட்டுவோம்.” கழுக்கோல் என்பது ஓட்டைத் தாங்கிச் சாய்வாக இறங்கும் மரச்சட்டம். ஓட்டின் கடைசி வரிசையைக் கழற்றினால் அதன் பக்கவாட்டு தெரியும். கிளாம்பின் வாலை நீளமாக விட்டு, அதைக் கழுக்கோலின் விலாவில் வைத்து ஸ்க்ரூ போடுவது அவர் யோசனை. பலகையின் மேல்விளிம்பில் சிறு வெட்டு வெட்டி அதன் வழியே கிளாம்பு வெளியே வரும். இப்படி வைத்தால் பாத்தியின் கனம் ஸ்க்ரூவை நீளவாக்கில் உருவாது, குறுக்கே அழுத்தும். உருவுவதற்கும் அழுத்துவதற்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். குறுக்கே அழுத்தும்போது மரம் முழுவதுமாக ஸ்க்ரூவுக்குத் துணை நிற்கிறது. காற்று கீழிருந்து மேலே தூக்கினாலும் அதே குறுக்குப் பிடிதான். ஒக்கியில் எங்கள் பாத்தி கீழே இழுபட்டதா, மேலே தூக்கப்பட்டதா என்று நான் பார்க்கவில்லை. இரண்டுக்கும் தாங்க வேண்டும்.

கழுக்கோல் 2 அடிக்கு ஒன்றாக 19 இருந்தது. கிளாம்பும் 19. ஒவ்வொன்றுக்கும் வாலில் மூன்று ஸ்க்ரூ. மொத்தம் 57.

கிளாம்பைப் பட்டறையில் 5 மில்லிமீட்டர் பட்டையில் வளைத்து, துளையும் போட்டபிறகு, முக்கி எடுக்கக் கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம். முக்கி எடுத்தபிறகு துளை போட்டால், துளையின் உட்புறம் பச்சை இரும்பாக நிற்கும், துரு அங்கிருந்து தொடங்கும். ஸ்டெயின்லெஸ் பட்டையிலேயே செய்திருந்தால் இன்னும் நல்லது, என் கைக்கு அந்தச் செலவு எட்டவில்லை. ஜிஐ பட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் சீக்கிரம் கரையும். அதற்காக ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்கு அடியிலும் ஒரு நைலான் வாஷர் போட்டோம். இதற்கு நேர்மாறான சேர்க்கைதான் ஆபத்து. பெரிய ஸ்டெயின்லெஸ் பாத்தியில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவைப் போட்டால், அந்தச் சின்ன ஸ்க்ரூ முழு அரிப்பையும் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விடும். செப்புப் பாத்தி வைத்திருக்கிறவர்கள் செம்பு அல்லது பித்தளை ஸ்க்ரூதான் போட வேண்டும்.

அயினியும் பழைய கழுக்கோலும் கல் மாதிரி இருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ துருவுக்குக் கெட்டி, முறுக்குக்கு மென்மை. நேராக டிரில்லில் வைத்து ஓட்டினால் பாதியில் தலை முறிந்து தண்டு மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். முதல் ஸ்க்ரூவிலேயே எங்களுக்கு அது நடந்தது. அதற்கப்புறம் ஆசாரி ஒவ்வொன்றுக்கும் முன்துளை போட்டார். 10 நம்பர் ஸ்க்ரூ, அதாவது 4.8 மில்லிமீட்டர் தண்டுக்கு, 3.5 மில்லிமீட்டர் பிட். புரியைத் துணி சோப்புக் கட்டியில் ஒரு உரசு உரசிவிட்டு உள்ளே விட்டார். கடைசி இரண்டு சுற்றைக் கையால்தான் முறுக்கினார். கையால் முறுக்கும்போதுதான் மரம் கடிக்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று மணிக்கட்டுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் வெறுமனே சுற்றியது. அங்கே கனமான ஸ்க்ரூவைத் திணிக்காமல், அரை அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டோம்.

பனங்கட்டையில் கழுக்கோல் போட்ட வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. பனையில் வெளிப்புறத்துக் கருப்பு வைரம்தான் மரம், உள்ளே சோறு. ஸ்க்ரூ அந்த வைரத்தில் கடித்து நிற்க வேண்டும். நீளமான ஸ்க்ரூ போட்டு உட்சோற்றுக்குள் இறக்குவதால் பிடிப்பு கூடாது.

பாத்தி பிவிசி என்றால் இன்னொன்று. பாத்தியையே துளைத்து ஸ்க்ரூவால் இறுக்கிவிடாதீர்கள். பிவிசி வெயிலில் நீளும். 10 அடித் துண்டு ஒன்று, நண்பகல் சூட்டுக்கும் மழைக் குளிருக்கும் நடுவே 25 டிகிரி வித்தியாசம் வந்தால், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு நகர இடம் வேண்டும். கிளாம்பு பாத்தியை விளிம்பில் பிடித்திருக்க வேண்டும், ஆனால் நீளவாக்கில் வழுக்கவிட வேண்டும். இணைப்பு மூட்டுகளில் கம்பெனிக்காரர்கள் ஒரு கோடு போட்டிருப்பார்கள். துண்டை அந்தக் கோடு வரைக்கும்தான் தள்ள வேண்டும், முட்டும்வரை தள்ளக் கூடாது.

முன்பக்கம் இப்படி முடிந்தது. அடுக்களைப் பக்கம் கதை வேறு, அங்கே மரமே இல்லை. பிற்பாடு எடுத்துக் கட்டிய அடுக்களைக்குச் சின்னக் கான்கிரீட் கூரை, சுவர் செம்பாறைக் கல். முதலில் மாட்டியவர் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டிருந்தார். அது விரியும்போது மென்மையான செம்பாறையை நொறுக்கிவிட்டு, துளைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. கூரை விளிம்பில் போட்ட ஒன்று கான்கிரீட்டின் மூலையையே சில்லாகப் பெயர்த்துவிட்டது. விரிந்து பிடிக்கிற போல்ட்டை விளிம்புக்கு அருகில் போடவே கூடாது. 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள்.

செம்பாறைச் சுவருக்கு நீளமான நைலான் பிளக் போட்டோம், 10 மில்லிமீட்டர் கனம், 100 மில்லிமீட்டர் நீளம். டிரில்லை ஹாமரில் வைக்காமல் சாதாரணச் சுழற்சியில் ஓட்டினோம். அப்போது தூளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது சிமெண்டுப் பூச்சு. பூச்சு எந்தக் கனத்தையும் தாங்காது. செந்தூள் வரத் தொடங்கியபிறகு இன்னும் எத்தனை அங்குலம் போகிறோமோ அதுதான் கணக்கில் சேரும். எங்கள் சுவரில் பூச்சே ஒரு அங்குலம் இருந்தது. வழக்கமான ஒன்றரை அங்குல பிளக் போட்டிருந்தால் அரை அங்குலத்தில் தொங்கியிருக்கும். துளைபோட்டு முடித்ததும் தூளை ஊதி எடுத்துவிட வேண்டும். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஸ்ட்ராவை வைத்து ஊதி நான் அந்தத் தூளைக் கண்ணில் வாங்கினேன். சைக்கிள் பம்பு இன்னும் நல்லது.

ஷீட் கூரை போட்டவர்களுக்குச் சில வரிகள். இரும்புப் பைப்பில் கிளாம்பு மாட்ட செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூதான் வசதி. 12 நம்பர், 5.5 மில்லிமீட்டர் போடுங்கள். முழுக்க 304இல் செய்த ஸ்க்ரூ இரும்பைத் துளைக்காது, முனை மழுங்கிவிடும். அதனால்தான் 410இல் செய்கிறார்கள், அது கடலோரத்தில் துருக்கறை விடும். உடம்பு 304ஆகவும் முனை மட்டும் கடின எஃகாகவும் சேர்த்துச் செய்த ஸ்க்ரூ கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். ரப்பர் வாஷர் லேசாக அழுந்தினால் போதும், பிதுங்கி வெளியே வருமளவு முறுக்கினால் ஒரே வெயிலில் வெடித்துவிடும். தகரப் பாத்தி மூட்டுக்கு சிலிக்கான் பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அதைப் பூசாதீர்கள். அந்த அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓட வாட்டம் 10 அடிக்குக் கால் அங்குலம் வைத்தோம். 36 அடிக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, நூலைப் பார்த்துக் கிளாம்பு வைத்தால் தப்பாது.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அம்மா கேட்டது ஒன்றுதான்: “இனி இது விழுமா?” ஆசாரி பதில் சொல்லவில்லை. இறங்குவதற்கு முன் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து கிளாம்பு வரைக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே போனார். ஸ்க்ரூ தளர்ந்தால் தலையிலுள்ள கோடும் கிளாம்பிலுள்ள கோடும் விலகிவிடும், தொட்டுப் பார்க்கவே வேண்டாம், கண்ணாலேயே தெரியும் என்றார். கடைசி வரிசை ஓட்டைத் தூக்கினால் கிளாம்பு தெரிகிறது. மே மாதம் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, இரண்டு மழைக்கும் முன்னால் இலை வாரும்போது அப்படியே பார்த்துவிடுகிறேன். பாத்தியில் ஏணியைச் சாய்ப்பதில்லை. பாத்திக்குக் கீழே சுவரில்தான் சாய்க்கிறேன்.

2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டங்களைப் புரட்டிய பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்களுக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் இரவு முழுக்க விடாமல் ஊற்றியது. கிணற்றுக்குப் போகும் குழாயின் இரைச்சலில் தூங்கவே முடியவில்லை. அம்மா இரண்டு தடவை டார்ச்சை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய் மேலே பார்த்துவிட்டு வந்தார். வெயில் வந்த மூன்றாம் நாள் ஏணி போட்டு ஏறி, ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன். பென்சில் கோடு சற்று மங்கியிருந்தாலும் தெரிந்தது. 57இல் இரண்டில்தான் கோடு விலகியிருந்தது, இரண்டும் குழாய் இறங்கும் மேற்கு முனையில். கையால் அரைச் சுற்று முறுக்கினேன். மரம் கடித்தது. பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன்.